எம் டேபிள்

எங்கள் வகுப்பில் 150 பேர். அட்மிஷன் முடிந்ததும் எல்லோருடைய பெயரையும் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி ரோல் நம்பர் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எம்பிபிஎஸ் முடியும்வரை அந்த நம்பர் சொல்வதுதான் சட்டம். டிசெக்‌ஷன் ஹாலில் (தானமாக வந்த உடலை அறுத்துப் படிக்கும் இடம்) எந்த டேபிள், பிசியாலஜி லேபில் யார் கையில் பிபி கஃப் கட்டுவது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் வராந்தாவில் யார் பக்கத்தில் நின்று கடைசி நிமிஷம் நோட்டைப் புரட்டுவது, இரண்டாம் வருஷத்திலிருந்து எந்த வார்டுக்கு யாரோடு போவது, எல்லாமே நம்பர்படிதான். தமிழ்நாட்டில் எந்த வகுப்பிலும் எஸ் எழுத்துக்காரர்கள் அதிகம், அவர்களுக்கே சில டேபிள்கள் போய்விடும். என் பெயர் எம்மில் தொடங்குகிறது. என் டேபிளில் இருந்தவர்களும் பெரும்பாலும் எம். பெயரின் முதல் எழுத்து இப்படி அமைந்திருக்காவிட்டால் இவர்களில் ஒருவரோடும் நான் பழகியிருக்க மாட்டேன். இப்போது ஃபைனல் இயர் படிக்கிறேன். அதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏனென்றால் ரோல் நம்பர் வருவதற்கு முன்பே வகுப்பு பிரிந்துவிட்டிருந்தது.

நாங்கள் 2021 நீட் எழுதியவர்கள். கொரோனாவால் எல்லாம் தள்ளிப்போய் 2022 பிப்ரவரியில்தான் கல்லூரிக்குள் நுழைந்தோம். முதல் வாரம் லெக்சர் ஹாலில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். ஒரே கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டர் பேட்ச், அதாவது நீட்டை மறுபடி எழுதுகிறவர்களுக்கான வகுப்பு, படித்தவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குள் முன்பே பழக்கம், மாதிரித் தேர்வில் யார் எத்தனை எடுப்பார்கள் என்பதுவரை தெரியும். சென்னை, கோவை சிபிஎஸ்இ பள்ளிக்காரர்கள் இன்னொரு பக்கம். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதில் வந்தவர்களிலும் மலையாளம் பேசுகிறவர்கள் தனி, இந்தி பேசுகிறவர்கள் தனி. டே ஸ்காலர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அப்புறம் நாங்கள், 7.5.

எங்களுக்கு அதுதான் பெயர். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2020இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 300 பேருக்கு மேல் இடம் கிடைத்தது. கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் அரசே கட்டுகிறது. அது இல்லாவிட்டால் கவுன்சிலிங்குக்குப் போகவே என் வீட்டில் யோசித்திருப்பார்கள். சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஏப்ரலில். அப்போது நான் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று எங்கள் அறையில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

முதல் மாதம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. ஊர் எது என்பதற்கு முன்னாலேயே "நீட்ல எவ்ளோ?" என்பார்கள். 720க்கு எத்தனை என்று சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் சட்டென்று கணக்குப் போடும். எங்களிடம் கேட்டுவிட்டு "ஓ, செவன் பாயின்ட் ஃபைவா" என்று முடித்துக்கொள்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு மூன்று வருஷம் மார்க்கை மட்டுமே நினைத்து வாழ்ந்தவர்களுக்கு வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாது. ஆனாலும் அந்த "ஓ" எனக்கு வலித்தது, இன்றைக்கும் அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். முதல் வருஷப் பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வந்த அன்றோடு அந்தக் கேள்வி நின்றது. அப்புறம் யாரும் யாரிடமும் நீட் மார்க் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

அதற்கு முன்பே எங்கள் டேபிள் மாறத் தொடங்கியிருந்தது. அதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசெக்‌ஷன் ஹாலில் முதலில் அறுத்துப் படிப்பது கைப்பகுதி. மார்பு, அக்குள், தோள். உடலைத் தானமாகக் கொடுத்தவருக்கு மரியாதை செய்வோம் என்று உறுதிமொழி எடுத்துவிட்டு டேபிளைச் சுற்றி நின்றோம். பெஞ்சில் பையன்கள் இடது, பெண்கள் வலது என்று பிரிந்து உட்காரலாம். டேபிளைச் சுற்றி அப்படி நிற்க முடியாது. நான் ப்ளஸ் டூ வரை பெண்கள் பள்ளி. ஒரு பையனின் முழங்கை என் முழங்கையில் இடிக்க நின்றதே அதுதான் முதல் தடவை. ஃபார்மலின் நெடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். ஒருவர் மேனுவலை சத்தமாகப் படிக்க வேண்டும், இரண்டு பேர் கத்தியும் ஃபோர்செப்ஸும் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் எட்டிப் பார்த்துப் பின்தொடர வேண்டும். இதுதான் முறை. முதல் இரண்டு நாளும் சென்னைக்காரத் தோழி படித்தாள், சரளமாக. அவளே படிப்பாள் என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக விட்டுவிட்டோம்.

எங்கள் டேபிளில் ஒரு அக்கா இருந்தார். வகுப்புத் தோழிதான், ஆனால் மூன்று முறை நீட் எழுதிவிட்டு வந்தவர், என்னைவிட மூன்று வயது பெரியவர். எங்கள் வகுப்பில் இப்படி அக்காக்களும் அண்ணன்களும் நிறைய. நீட் வந்ததிலிருந்து எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இப்படித்தான், பதினேழு வயதும் இருபத்திரண்டு வயதும் ஒரே பெஞ்சில் உட்காரும். அந்த அக்கா மூன்றாம் நாள் மேனுவலை வாங்கி, "தினம் ஒருத்தர் ஒரு பக்கம் படிக்கணும். தப்பா வாசிச்சா பரவாயில்ல, யாரும் திருத்தக் கூடாது, முடிச்ச பிறகு கேட்டா மட்டும் சொல்லலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அவர் சொல்கிற விதத்தில் மறுக்கத் தோன்றாது.

என் முறை வந்த அன்று பிராகியல் பிளெக்சஸ். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் அக்குளில் பின்னிக்கொள்ளும் இடம். தமிழ் வழியில் உயிரியல் படித்த எனக்கு அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வரியும் மலை. "மஸ்குலோக்யூட்டேனியஸ்" என்பதை மூன்றாக உடைத்துப் படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் டேபிளில் இருந்த ராஜஸ்தான் பையன் உதட்டை அசைத்து அதே சொல்லை அதே மாதிரி உடைத்துக்கொண்டிருந்தான். அவன் பிளஸ் டூ வரை இந்தி மீடியமாம், அன்றைக்குத்தான் தெரிந்தது. சென்னைக்காரியும் ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயரில் ஒருநாள் நின்று திணறினாள். அது இங்கிலீஷ் இல்லை, கிரேக்கமும் லத்தீனும். எல்லோருக்கும் அந்நியம். ஆறு மாதத்தில் அந்தச் சொற்கள் எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி வந்தன.

அந்த ராஜஸ்தான் பையனின் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுப்பை ஃபோர்செப்ஸால் துளித்துளியாக எடுத்து, ஒரு நரம்பைக்கூட அறுக்காமல், மஸ்குலோக்யூட்டேனியஸ், மீடியன், அல்நார் என்ற மூன்று நரம்புகளும் சேர்ந்து ஒரு எம் எழுத்தாகத் தெரியும்படி சுத்தம் செய்துவிட்டான். அனாட்டமி படித்தவர்களுக்குத் தெரியும், அந்த எம்மை வைத்துத்தான் மற்ற எல்லாக் கிளைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் டேபிளுக்கு எம் என்று பெயர் நிலைத்தது அதனால்தான், ரோல் நம்பரால் மட்டும் இல்லை. பக்கத்து டேபிள்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று மெஸ்ஸில் முதல் தடவையாக நாங்கள் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். டிசெக்‌ஷன் முடிந்தால் அப்படிப் பசிக்கும். பெண்கள் மெஸ்ஸும் ஆண்கள் மெஸ்ஸும் தனித்தனி என்பதால் மதியம் கேன்டீன் மெஸ்தான் எங்களுக்கு வாய்த்தது. இத்தனை வருஷமாகியும் அதே மேஜைதான்.

சீனியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் அம்மா பயந்தது ராகிங்குக்குத்தான். 1996இல் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் எங்கள் ஊரில் பிள்ளையை மெடிக்கல் சேர்க்கும் எல்லா வீட்டிலும் இன்னும் பேசப்படுகிற விஷயம். எனக்கு நடந்தது வேறு. என் ரோல் நம்பரை முந்தைய பேட்சில் வைத்திருந்த அக்கா தேடிக்கொண்டு வந்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே எலும்புகள், ஒரு ஏப்ரன், பிங்க் கலரிலும் வயலட் கலரிலும் பாதி தேய்ந்த பென்சில்கள். திசுக்களைப் பற்றிய ஹிஸ்டாலஜி ரெக்கார்டில் ஸ்லைடைப் பார்த்து வரைவதற்கு அந்த இரண்டு நிறமும் போதும். எலும்பில் தசை தொடங்கும் இடம் சிவப்பு மையிலும் முடியும் இடம் நீல மையிலும் குறித்திருந்தது. மை மங்கிய இடங்களில் அவருக்கு முந்தையவர் குறித்ததன் மேல் அவர் மறுபடி வரைந்திருந்தார். நானும் வரைந்தேன். இப்போது அது அடுத்த பேட்சில் என் நம்பரை வைத்திருக்கும் தம்பியிடம் இருக்கிறது.

கல்ச்சுரல்ஸ், பேட்ச் டி-ஷர்ட், ஸ்போர்ட்ஸ் மீட் எல்லாம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

வார்டுக்குப் போன பிறகுதான் வகுப்பில் யார் யாருக்குத் தேவைப்படுகிறார்கள் என்பது தலைகீழானது. இரண்டாம் வருஷம் மெடிசின் போஸ்டிங், அதாவது பொது மருத்துவ வார்டில் பயிற்சி. ஒரு கட்டிலில் வயதான ஆத்தா. சென்னைக்காரத் தோழி, "என்ன கஷ்டம் பாட்டி?" என்றாள். "மேலுக்கு முடியல தாயி. ராவானா காயுது, விடிஞ்சா விட்டுருது" என்றார் ஆத்தா. தோழி என்னைப் பார்த்தாள். அவளும் தமிழ்ப் பெண்தான், பிறந்ததிலிருந்து பேசுவது தமிழ்தான், ஆனால் அவள் வீட்டில் காய்ச்சலை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அது என் அப்பத்தா பேசுகிற பேச்சு. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எத்தனை நாளாக, குளிர் நடுக்கம் உண்டா, வியர்த்து விடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா. கடைசிக் கேள்விக்கு ஆத்தா கொஞ்சம் தயங்கிவிட்டு, ஆமாம், பக்கத்து ஊரில் ஒருவரிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட்டேன் என்றார். காலையில் டியூட்டி டாக்டர் கேட்டபோது அதைச் சொல்லவில்லையாம். "அவுக அவசரமா இருந்தாக" என்றார்.

பேச்சு முடிந்ததும் ராஜஸ்தான் பையன் வந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அப்போது நான்கைந்து வாக்கியம்தான், சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டில் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். "மூச்ச இழுங்க ஆத்தா... விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வலது அடிவயிற்றிலிருந்து இடது விலா நோக்கி மெல்ல மெல்லக் கையை நகர்த்தினான். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரற்கடை. விலாவுக்குக் கீழே நிறுத்தி, என் கையை எடுத்து அங்கே வைத்தான். மூச்சை இழுக்கும்போது மண்ணீரலின் முனை வந்து விரல் நுனியைத் தொட்டது. புத்தகத்தில் எத்தனை படம் பார்த்தாலும் அந்தத் தொடுகை தெரியாது. நோய் விவரம் கேட்கும் ஹிஸ்டரி நான், தொட்டுப் பரிசோதிக்கும் எக்ஸாமினேஷன் அவன், கேஸை எடுத்துச் சொல்லி பிரசன்ட் செய்தது சென்னைக்காரி, யூனிட் தலைவரான சீஃபின் கேள்விகளுக்குப் பதில் எங்கள் டேபிள் அக்கா. அப்புறம் எல்லாப் போஸ்டிங்கிலும் நாங்கள் சுழற்சி முறையில் இடம் மாறினோம். எனக்குப் பரிசோதனை செய்யும் கை வந்ததும் அவனுக்குத் தமிழ் வந்ததும் அப்படித்தான். இப்போது அவன் "மேலுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் ஆத்தாமார்கள் அவனை மதுரைப் பக்கத்துப் பையன் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

சந்தோஷமான பக்கத்தை மட்டும் எழுதினால் முழுமையாகாது. முதல் வருஷத் தேர்வில் எங்கள் டேபிள் பையன் ஒருவன் பிசியாலஜியில் ஃபெயிலானான். மறுதேர்வான சப்ளிமென்டரியும் போனது. அப்படிப் போனால் இரண்டாம் வருஷத்துக்கு வர முடியாது, ஜூனியர்களோடு மறுபடி முதல் வருஷம், அடிஷனல் பேட்ச். ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் முழுப் பட்டியலும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில். ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பட்டியலில் இல்லாதவர்களும் அதே குரூப்பில் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல். இதை நான் இன்றும் கடுமையாகவே சொல்வேன்: அவரவர் முடிவை அவரவர் பார்த்துக்கொள்ள வழி இருக்கும்போது பட்டியலைக் குரூப்பில் போட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வகுப்புப் பிரதிநிதியான ரெப்பிடம் சண்டை போட்டு, அடுத்த தேர்விலிருந்து அதை நிறுத்த வைத்தோம்.

அவன் கேன்டீனுக்கு வருவதை நிறுத்தினான். போனை எடுக்கவில்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. ஆன்லைனில் பதில் சொன்ன 25,000க்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் மாணவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, அவன் அறைக் கதவுதான் நினைவுக்கு வந்தது. ராஜஸ்தான் பையன் அந்தக் கதவுக்கு வெளியே தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தான், பேசாமல். அப்புறம் அக்கா போனில், "மூணு தடவ நீட் எழுதினவ நான். எனக்கு முன்னாடி நீ வெக்கப்படக் கூடாது. நாளைக்கு மதியம் கேன்டீனுக்கு வா" என்றார். வந்தான். மனநல மருத்துவரிடமும் போனான், இரண்டு பேர் கூடப் போனோம். இப்போது அவன் எங்களுக்கு ஒரு வருஷம் பின்னால் படிக்கிறான். ரோல் நம்பர் மாறிவிட்டது. மேஜை மாறவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. ஜூனியர் பேட்ச் ஒன்றில், கிளினிக்கல் போஸ்டிங்குக்கு ரோல் நம்பர்படி வேண்டாம், நாங்களே பேட்ச் பிரித்துக்கொள்கிறோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். காரணம் கேட்டேன். நண்பர்களோடு இருந்தால் நன்றாகப் படிக்கலாம் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து உண்மையான காரணமும் வந்தது: தமிழ் தெரியாதவர்களை எங்கள் பேட்சில் போட்டால் அவர்களுக்கும் சேர்த்து நாங்கள்தான் ஹிஸ்டரி எடுக்க வேண்டியிருக்கிறது, அக்கா.

அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஒரே நோயாளியிடம் ஒரே கேள்வியை ஐந்து பேருக்காகக் கேட்டு மொழிபெயர்ப்பது அலுப்பான வேலைதான், நோயாளிக்கும் தொந்தரவு. ஆனால் தாங்களே பிரித்துக்கொண்டால் யார் மிஞ்சுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். இந்திக்காரர்கள் மிஞ்சுவார்கள். அடிஷனல் பேட்சிலிருந்து வந்தவர்கள் மிஞ்சுவார்கள். 7.5இல் வந்து இன்னும் வாய் திறக்காதவர்கள் மிஞ்சுவார்கள். மிஞ்சியவர்களை எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஒரு பேட்ச் போடுவார்கள், அந்த பேட்சுக்கு வார்டிலும் ஒரு பெயர் வந்துவிடும். 2022 மார்ச்சில் நான் அந்த பேட்சில்தான் இருந்திருப்பேன். கூட இருப்பவர் தொல்லை கொடுக்கிறார் என்று ஒரு பெண்ணோ பையனோ சொன்னால் உடனே மாற்றிக் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மற்றபடி நம்பர்தான் நியாயம்.

மொழிப் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. சேர்ந்த புதிதில் நடக்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸில் உள்ளூர் மொழி கற்பிப்பதற்கென்று பாடத்திட்டத்திலேயே நேரம் உண்டு. எங்கள் காலத்தில் அது உயிரெழுத்து மெய்யெழுத்தோடு நின்றுவிட்டது. வார்டுக்கு எழுத்து வேண்டாம், காது வேண்டும். அதனால் எங்கள் டேபிள்காரர்கள் சேர்ந்து புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் ரீடிங் ரூமில் வார்டுத் தமிழ் வகுப்பு எடுக்கிறோம். நடத்துவது ராஜஸ்தான் பையன், நோயாளியாக நடிப்பது நான். போன வாரம் வயிற்றுவலி: சுருக்குனு குத்துதா, பெரட்டுதா, எரியுதா, சாப்பிட்டதும் வருதா, முதுகுக்கு இழுக்குதா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு ஒழுங்கா போகுதா. வருகிற புதன் நெஞ்சுவலி. கையெழுத்து வாங்கிய ஜூனியர்களில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள், சென்னைப் பிள்ளைகளும் வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், நோட்டு மட்டும் கொண்டு வாருங்கள். மெஸ்ஸில் டீ எட்டு மணி வரை இருக்கும்.